இராக்கம்மாளின் கைக்குப் பொறுப்பேற்ற டாக்டர் ஹுமைத் அவர்களுக்கு

மலைச்சாரல் மக்களின் மனவலியும் உடல்வலியும் அறிந்த மருத்துவரே! கத்தி பிடித்த கையிலும் கனிவு குறையாத பெருந்தகையே! எங்கள் அடிவார ஆஸ்பத்திரியின் ஆணிவேராய் நின்று இன்று ஓய்வு பெறும் அன்புடையீர்!

தங்கள் பெருமைகளை அடுக்கவே பேனா எடுத்தோம். காலராக் காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக அலைந்தீர்கள். மழையில் பாதை உடைந்தபோதும் மட்டக்குதிரையில் வந்து சேர்ந்தீர்கள். ஆனால் எங்களை இன்றும் திடுக்கிட வைக்கும் ஒரு காலையை விட்டுவிட்டு, இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்க மனம் வரவில்லை.

மடுல்சீமைத் தோட்டத்து இராக்கம்மாளின் கழுத்துக் கழலையைத் தாங்கள் அறுத்தெடுத்த மறுநாள், அவள் கணவர் வீரய்யா பூரிப்போடு வார்டுக்குள் வந்தார். மனைவியின் கழுத்து சிறுத்திருந்தது. அவள் வலக்கையோ போர்வைமேல் குவிந்திருந்தது: விரல்கள் நீண்டு ஒட்டி, பெருவிரல் உள்ளே மடங்கி, தேயிலைக் கொழுந்து கிள்ளும் வாக்கில்.

“பாருங்கம்மா, ஆசுபத்திரிக் கட்டில்லயும் கொழுந்து எடுக்கிறா! கங்காணி பார்த்தா முழுநாள் கூலிக்குப் பேரு போட்டுருவாரு!” என்றார் தாதி பாக்கியலெட்சுமியிடம்.

வார்டே சிரித்தது.

“கிள்ளலைங்க... விரிக்க முடியலை,” என்றாள் இராக்கம்மாள்.

இடக்கையும் குவிந்தது. வாயோரம் வெட்டி இழுத்தது. மூச்சு கீச்சிட்டது. வீரய்யாவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துபோயிற்று.

ஓடிவந்தீர்கள். சுண்ண உப்புக் கரைசலை இரத்தக்குழாயில் மெல்ல ஏற்றினீர்கள். விறைத்த விரல்கள் எங்கள் கண்முன்னே ஒவ்வொன்றாக விரிந்தன.

“ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து கொறைஞ்சிருச்சு, வீரய்யா,” என்றீர்கள்.

“என்னங்க சொல்றீங்க? வாய் ஓயாம வெத்தலை போடுறவ இவ! இவளுக்கா சுண்ணாம்பு கொறையும்?”

கழலைக்குப் பின்னே பயறளவில் நான்கு சுரப்பிகள் உண்டு என்றீர்கள். அவற்றின் நீர் இரத்தத்தில் கலந்து, எலும்பிலிருந்து வேண்டிய சுண்ணத்தை இறக்கித் தரும். மிஞ்சிய பாஸ்பரஸ் உப்பைச் சிறுநீரில் கழிக்கும். அந்த நீர் நின்றால் சுண்ணம் தாழும், பாஸ்பரஸ் ஏறும், தசைகள் முறுக்கிக்கொள்ளும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அந்தக் குறையை நிரப்பாது.

வீரய்யா கேட்டார்: “அந்த நாலும் எங்கங்க போச்சு?”

“கட்டியோட சேர்த்து நான் வெட்டிட்டேன். தப்பு என்னோடது.”

தோட்டத் தொழிலாளியிடம் ஒரு மருத்துவர் இப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. வீரய்யாவை முந்திக்கொண்டு பேசியவள் இராக்கம்மாள்தான்.

“கட்டிய எடுத்ததுக்குக் கும்புடுறேங்க. இதுக்குக் கும்புட மாட்டேன். நீங்க மருந்தக் குடுங்க, கோவத்த நான் வச்சுக்கிறேன்.”

அன்று முதல் அவள் மாதந்தோறும் வருகிறாள், கும்பிடாமலே. தாங்களும் மாதந்தோறும் நாற்காலியை விட்டு எழுந்து, சுண்ண மருந்தை அவள் கையில் தாங்களே கொடுத்துவந்தீர்கள். அந்த வேலையை எங்களில் ஒருவரிடமும் தள்ளிவிடவில்லை.

சென்ற வாரம் வந்தவள் எங்களைக் கேட்டாள்: “இவுரு போயிட்டா என் கைக்கு யாருங்க பொறுப்பு?”

தகைசால் பெரியீர்! அக்கேள்வியில் மறுபடியும் அதிர்ந்துபோனோம். தாங்கள் நோயின்றி, நிறைவோடு, சுற்றமும் நட்பும் சூழ நெடுங்காலம் வாழ இறைஞ்சும் இவ்வேளையில், அவளுக்கும் பதில் எழுதுகிறோம்.

நாங்கள் பொறுப்பு.

பாக்கியலெட்சுமி, தாதி
மொஹிதீன், மருந்து கலப்பவர்
மாரிசாமி, வார்டுப் பணியாளர்
மற்றும் ஆஸ்பத்திரி ஊழியர் அனைவரும்
நமுனுகுலை அடிவாரம், 1923