படிக்கட்டில் முக்கால் மணி நேரம்

— நீங்க சொல்றது எனக்குப் புரியுதுக்கா. நான் சொல்றதும் உங்களுக்குப் புரியணும்ல. உங்க பொண்ணோட கம்ப்யூட்டர்ல கெட்டுப் போனது பவர் சப்ளை மட்டும்தான். இந்தா, பின்னாடி இருக்கே, இந்தச் சின்னப் பொட்டி. இதை மாத்தினா பழையபடி ஓடும்.

— பழையபடி ஓட வேணாம் தம்பி. நல்லா ஓடணும். அதான் வேற மிஷின் பாருங்கன்னு சொல்றேன்.

— கடைக்காரன் நான், செலவு பண்ணாதீங்கன்னு கெஞ்சுறேன். வாங்க வந்தவங்க நீங்க, செலவு வைங்கன்னு அடம் பிடிக்கிறீங்க. பத்தொன்பது வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றேன், இப்படி ஒரு பேரம் பார்த்ததில்ல.

— கையில எவ்வளவு கொண்டு வந்திருக்கேன்னு பார்த்துட்டு அப்புறம் கிண்டல் பண்ணுங்க. இந்தக் கவர்தான். இதுக்கு மேல கிடையாது.

— என்னக்கா, எல்லாம் சில்லறை நோட்டா இருக்கு?

— பக்கத்துக்கு இவ்வளவுன்னு டைப் அடிச்சுக் கொடுக்கிறவளுக்குக் காசு அப்படித்தான் வரும். கம்மின்னு தெரியும். இதுக்குள்ள முடியுமான்னு மட்டும் சொல்லுங்க.

— முடிக்கலாம், இருங்க. நீங்க டைப் அடிக்கிற கம்ப்யூட்டர்கூட நான் அசெம்பிள் பண்ணிக் கொடுத்ததுதானே. அது எப்படி ஓடுது?

— அதுக்கென்ன, நல்லா ஓடுது. அதை விடுங்க, பொண்ணோடதைப் பாருங்க. பதினெட்டாம் தேதிக்குள்ள அவ படத்தை முடிச்சு ஸ்கூல்ல கொடுக்கணும். போட்டிக்கு அனுப்புறாங்க. அன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்.

— படமா? என்ன படம்?

— எறும்புப் படம். ஒரு எறும்பு கூட்டத்தை விட்டு வழி தவறிப் போயிடுது. சமையல் மேடை பூரா அலைஞ்சு திரிஞ்சு வீடு வந்து சேருது, அவ்வளவுதான் கதை. ஆனா அதை ஒவ்வொரு காலா வரைஞ்சு நடக்க விடுறா பாருங்க, நமக்குக் கால் வலிக்கும். எறும்புக்கு ஆறு காலுன்னு எனக்கே அவ வரைஞ்ச பிறகுதான் தெரியும்.

— எவ்வளவு நேரம் ஓடும் அந்தப் படம்?

— ஆறு நிமிஷம். நாலு முடிச்சிட்டா, இன்னும் ரெண்டு பாக்கி. மிஷின் போய் மூணு வாரமாச்சு, சும்மா இருக்கான்னு நினைக்காதீங்க. பிரிண்ட்ல வீணாப் போன தாள் ஒண்ணு விடறதில்ல, பின்பக்கம் பூரா எறும்பு. போன வாரம் வக்கீலுக்கு அனுப்பின பத்திரத்துல ஒரு தாள் கலந்து போயிடுச்சு. இது எந்த ஷரத்துங்கன்னு அவர் போன் பண்ணிக் கேக்கிறார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அது சாட்சிங்கன்னு சொல்லிட்டேன்.

— நல்ல ஆளுக்கா நீங்க. சரி, இவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு மிஷினை எப்படி எரிச்சுது?

— கேம் விளையாடித்தான். லீவு நாள் பூரா ஆடி ஆடி சூடாகிப் போச்சாம், அவளே வந்து சொன்னா. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. மூணு வாரமா தினமும் ஒரு பாட்டு பாடிட்டுத்தான் சோறு போடுறேன்.

— கேமா? இந்த மிஷின்லயா? இது, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்றதுக்கே மூச்சு வாங்குமேக்கா. இதை வெச்சு நாலு நிமிஷம் படம் பண்ணியிருக்குன்னா அந்தப் புள்ளைக்கு என்ன பொறுமை இருக்கணும். சரி, இங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க. உள்ள வயரெல்லாம் கட்டினது யாரு?

— எனக்கென்ன தெரியும் தம்பி.

— எல்லாத்தையும் மடிச்சு, ரப்பர் பேண்ட் போட்டு, ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கு. காத்து போற வழியில ஒரு வயர் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, நானே இவ்வளவு சுத்தமா கட்ட மாட்டேன். தூசி மேல விரல் தடம் இருக்கு, யாரோ இப்பத்தான் கழட்டி மாட்டியிருக்காங்க. வேற கடையில காட்டினீங்களா? காட்டியிருந்தா சொல்லுங்க, கோச்சுக்க மாட்டேன்.

— காட்டல.

— ஸ்க்ரூ ஒண்ணுகூட குறையல. என்கிட்ட வேலை பார்த்தவங்கள்ல எவன் பொட்டியை மூடினாலும் மேசையில ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் கிடக்கும். ஒருத்தன் அதை லாபம்னே சொன்னான்.

— தம்பி, கதை போதும். மூடி வெச்சிட்டு வேற மிஷின் காட்டுங்க.

— இருங்க, செத்ததை வெளிய எடுத்துடுறேன். அட, இது நான் வித்த சாமான் ஆச்சே.

— இருக்கும். உங்க கடை சாமான்தானே எல்லாம்.

— எங்க? பொண்ணோட மிஷின் நான் வித்தது இல்லையேக்கா. யாரோ ஒரு புரொபசர் வீட்டுல வேணாம்னு ஒதுக்கினதைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க. இதோட அடிப்பக்கம் பாருங்க. நான் விக்கிற ஒவ்வொண்ணுலயும் தேதியும் ஆளும் மார்க்கர்ல எழுதிடுவேன். எங்கயோ வாங்கிட்டு வந்து என்கிட்ட வாரண்டி கேக்கிறவங்க இருக்காங்களே, அவங்களுக்காக. படிங்க.

— கண்ணாடி எடுத்துட்டு வரல.

— மூக்கு மேலதான் இருக்கு.

— சரி, நீங்களே படிங்க.

— 'டைப்பிங் அக்கா'ன்னு போட்டிருக்கு. உங்க மிஷின்ல நான் என் கையால மாட்டினது இது. இது எப்படி பொண்ணோட மிஷினுக்குள்ள வந்துச்சு? அப்போ உங்க மிஷின்ல இப்ப ஓடுறது யாரோடது? அக்கா, ஒண்ணு சொல்றேன், பதறாதீங்க. செத்தது பொண்ணோட மிஷின் இல்ல, உங்களோடது. அந்தப் புள்ளை தன்னோடதுல இருந்த நல்லதைக் கழட்டி உங்களுக்கு மாட்டிட்டு, உங்க செத்ததை எடுத்துத் தனக்கு மாட்டிக்கிட்டிருக்கு. காலியா இருந்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு. கேமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மூணு வாரமா அந்தப் புள்ளையைப் போய் திட்டிட்டு இருக்கீங்களே.

— தெரியும் தம்பி.

— என்ன தெரியும்?

— எல்லாம் தெரியும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஸ்கூல் விட்டு நேரா இங்கதான் வரா.

— தெரிஞ்சுமா திட்டுறீங்க?

— ஒரு காலேஜ் பொண்ணு நாலு வருஷம் பாடுபட்டு எழுதின ஆராய்ச்சி, இருநூத்தி அறுபது பக்கம், டைப் அடிக்க என்கிட்ட வந்திருந்துச்சு. திங்கக்கிழமை அச்சடிச்சுக் கொடுத்தாகணும். வியாழக்கிழமை என் மிஷின் படுத்துடுச்சு. அடிச்சதெல்லாம் அதுக்குள்ள. ஓட்டமும் நடையுமா இங்க வந்தேன், கடை பூட்டிக் கிடந்துச்சு.

— அந்த நாலு நாளா. என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன்க்கா.

— பக்கத்துக் கடையில சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கா?

— நல்லா நடக்கிறா. என்னையும் சேர்த்து நடக்க வைக்கிறா. நீங்க மேல சொல்லுங்க.

— திரும்பி வீட்டுக்குப் போனேன். நாங்க மூணாவது மாடி, ஜன்னல் படிக்கட்டுப் பக்கம் இருக்கும். எட்டிப் பார்த்தா ரெண்டு மிஷினையும் தரையில படுக்க வெச்சு நடுவுல உக்காந்திருக்கா. பிளக்கையெல்லாம் பிடுங்கி கட்டில் மேல வெச்சிருக்கா. ஒரு தாள்ல மிஷினைப் படமா வரைஞ்சு, கழட்டின ஸ்க்ரூ ஒவ்வொண்ணையும் அதது இடத்துல அடுக்கியிருக்கா. வாயில டார்ச். பதிமூணு வயசு தம்பி. ஊசியில நூல் கோத்துக் கொடுடின்னு கேட்டா பத்து தடவை அலுத்துக்குவா.

— நீங்க உள்ள போகலையா?

— படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். முக்கால் மணி நேரம்.

— ஏன்க்கா?

— உள்ள போனா, வேணாம்டி, உன்னோடதைக் கழட்டாதேன்னு சொல்லணும். பெத்தவ அதைத்தான் சொல்லணும். சொல்ற நிலைமையில நான் இல்ல. அந்த வேலை போயிருந்தா வாடகை கிடையாது. அதனால ஒளிஞ்சுக்கிட்டேன். பெத்த பொண்ணுகிட்ட இருந்து ஒளிஞ்சுக்கிட்டேன் தம்பி, அந்த வெக்கத்தை யார்கிட்ட சொல்ல?

— விடுங்கக்கா. கண்ணைத் துடைங்க.

— அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி உள்ள போறேன். அம்மா உன் மிஷின் ஓடுது, வயர் லூசா இருந்துச்சுங்கிறா. ரெண்டு நாள் விட்டு, என்னோடது கேம் ஆடி எரிஞ்சு போச்சும்மான்னு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறா. நான் என்ன பண்ண? திட்டாம விட்டா, அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு கண்டுபிடிச்சிடுவா. இவ்வளவு பண்ணி மறைக்கிற புள்ளையைப் பிடிச்சு, எனக்குத் தெரியுமேன்னு சொல்ல மனசு வரல. திட்டினேன். திட்டிக்கிட்டே ராத்திரி பகலா கூடுதல் வேலை எடுத்தேன். அதான் இந்தச் சில்லறை. இப்ப புரியுதா, பழையபடி ஓட வேணாம்னு ஏன் சொன்னேன்னு? அவ கொடுத்ததைவிட ஒரு படி மேல நான் திருப்பிக் கொடுக்கணும்.

— நான் தினமும் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன்க்கா. ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு மிஷின்னா ஒருத்தர் மண்டையை ஒருத்தர் உடைச்சுக்கிட்டுதான் இங்க வருவாங்க. சரி, தேதியைப் பாருங்க. நான் வித்து ஒரு வருஷம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு.

— அதனால?

— அதனால இதுக்குப் புதுசு என் பொறுப்பு. வாரண்டி. ஓசி கிடையாது, நீங்க மூஞ்சியைத் தூக்க வேணாம். உள்ள மூலையில ஒரு கம்பெனி கழிச்சு விட்ட மிஷின் ஒண்ணு கிடக்கு. நல்ல மிஷின், பவர் சப்ளை இல்லாம தூங்குது. புதுசை அதுல மாட்டிடுறேன். இந்தக் கவர்ல இருக்கிறது அந்த மிஷினுக்கும், மெமரியை ரெண்டு மடங்கு ஆக்கவும், வேகமான டிஸ்க் ஒண்ணு போடவும் சரியா இருக்கும். எறும்பு குதிரை மாதிரி ஓடும்.

— எறும்பு எறும்பு மாதிரி நடந்தா போதும். அந்த நாலு நிமிஷம்?

— பழைய டிஸ்க்ல பத்திரமா இருக்கு. ஒரு கால் குறையாம மாத்திக் கொடுக்கிறேன். ஒரு மணி நேரம் கொடுங்க.

— இன்னொண்ணு. அவ வந்தா நீங்க இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு சொல்லிடுங்க.

— எனக்குப் பொய் வராதேக்கா.

— கடைக்காரர் சொல்ற பேச்சா இது? ஷ், வந்துட்டா.

— அம்மா.

— வாடி வாலு. உன்னால பாரு, வேலையைப் போட்டுட்டு இங்க வந்து நிக்கிறேன். கேம் ஆடுறாளாம் கேம். இனிமே அந்தப் பேச்சு எடுத்தே, மிஷினைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்.

— சாரிம்மா.

— தம்பி, நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க.

— ஆமாம்மா. கேம் வந்து, ரொம்ப ஆடினா, சூடு. சூடாகிடும். அப்புறம் எரிஞ்சிடும்.

— சரி அங்கிள்.

— இந்த அங்கிள் ஏதோ எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்னு வேற மிஷின் தரார். உன் நல்ல நேரம்.

— வேற எதுக்கும்மா? பழசையே சரி பண்ணினா போதும். அது நல்லாத்தான் இருந்துச்சு.

— உன்னைக் கேட்டேனா? நான் போய் வக்கீல்கிட்ட இந்தக் கட்டைக் கொடுத்துட்டு வந்துடுறேன். அது வரைக்கும் கையைக் காலை வெச்சுக்கிட்டு இந்த ஸ்டூல்ல உக்காரு. எதையாவது தொட்டேன்னு கேள்விப்பட்டேன், பேசிக்கிறேன்.

— தொட மாட்டேன்மா. பார்த்துப் போ, ரோடு தாண்டும்போது போன் பேசாதே.

— எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா. வரேன் தம்பி.

— வாங்கக்கா. நீ நல்லா உக்காரும்மா. எறும்பெல்லாம் எப்படி இருக்கு?

— அங்கிள்.

— என்னம்மா?

— அந்த பவர் சப்ளை அடியில நீங்க மார்க்கர்ல எழுதியிருந்தீங்கல்ல. தேய்ச்சு தேய்ச்சுப் பார்த்தேன், போகல. பார்த்துட்டீங்களா?

— பார்த்தேன்.

— அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

— நானா? சேச்சே. நான் என்ன சொன்னேன், ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு?

— உங்களுக்குப் பொய் வரல அங்கிள்.

— சரி, வரல. ஆனா உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லம்மா. அந்த வயர் கட்டியிருக்கே பாரு, அதை போட்டோ எடுத்து இந்தச் சுவத்துல மாட்டப் போறேன். அம்மாகிட்ட நானா எதுவும் சொல்லலன்னு மட்டும் நம்பு.

— சொன்னாலும் புதுசு இல்ல அங்கிள். அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்.

— என்னது?

— நான் கழட்டிட்டு இருக்கிறப்போ படிக்கட்டுல உக்காந்திருந்தாங்க. எங்கம்மா தும்மினா மூணு வீட்டுக்குக் கேக்கும். ரெண்டு தடவை தும்மினாங்க. கதவைத் திறக்கலாம்னு எழுந்தேன், அப்புறம் உக்காந்துட்டேன்.

— அப்போ எதுக்கும்மா கேம் ஆடினேன்னு சொல்லி மூணு வாரமா திட்டு வாங்குறே? ரெண்டு பேருக்கும் தெரியும்னா பேசி முடிச்சிட வேண்டியதுதானே?

— திட்டட்டும் அங்கிள். திட்டலைன்னா அழுதுடுவாங்க.