உன் கையாலேயே ஒட்டு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஒரு மனிதர் தம் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு, கூலியாள் எவரையும் அண்டாமல், தாமே வால்பேப்பர் ஒட்டத் தீர்மானித்துவிட்டார். மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான், அதற்கடுத்து இதுதான். சாப்பாட்டு மேசையில் அவர் இதை அறிவித்த தோரணை அப்படி. சபையில் இருந்தது மனைவி ஒருத்தி. அவளும் பாதியில் தட்டைக் கழுவ எழுந்துவிட்டாள்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள்… காற்றில் காலண்டர் சுவரோடு உரசுகிறது. இந்தக் கதைக்கு அந்தச் சத்தம் ஆகாது.

இது என் நண்பர் ஒருவரின் சகலைக்கு நேர்ந்தது. நாமும் அவரைச் சகலை என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அலுவலகத்தில் துணை மேலாளர். வாழ்நாளில் ஓர் ஆணி அடித்தவர் இல்லை. ஆனால் ஆணிகளை எப்படி அடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர்.

அவருக்கு ஓர் உயிர்த்தோழர் உண்டு. பள்ளிக்கூடப் பெஞ்சில் ஆரம்பித்த நட்பு. உலகத்தில் யார் சொன்னாலும் மறுப்புச் சொல்லும் சகலை, தோழர் சொன்னால் மட்டும் தலையை ஆட்டுவார். தோழருக்கு ஒரு பழக்கம். பேசும்போது ஒற்றை விரலால் கன்னத்தை அழுத்திக்கொண்டே இருப்பார். கன்னத்தில் ஆரம்பித்து, தாடை, காதோரம் என்று விரல் எதையோ துரத்துவது போலப் போகும். ஆழ்ந்து சிந்திக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்பது சகலையின் கருத்து. எனக்கு ஒன்று என்றால் அவன்தான் முதலில் வந்து நிற்பான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இதுவரை எந்த ஒன்றுக்கு வந்து நின்றிருக்கிறார் என்று மனைவி கேட்பாள். அந்த ஒன்று இன்னும் வரவில்லை என்பார் சகலை.

வந்தது.

மாலை ஆறரை மணி. மழை விட்டிருந்தது. ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சாலை… ஒரு பக்கம் நீள மதில், இன்னொரு பக்கம் புதர். நடுவில் இருக்கும் விளக்குகள் எரிவதில்லை. அந்தச் சாலையின் கடைசியில் தோழர் வீடு. அங்கிருந்து சகலை திரும்பிக்கொண்டிருந்தார். தோளில் தோழர் இரவல் கொடுத்த ஏணி. ஏணியின் பின் முனையில் ஒரு பை. பைக்குள் தோழர் சும்மா கொடுத்த வால்பேப்பர் சுருள்கள். கொடியும் குருவியும் போட்ட பழைய டிசைன்.

தோழர் வீட்டு ஹாலில் ஒரு சுவர் மொட்டையாக நின்றதை அவர் பார்த்திருந்தார். அன்றுதான் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். தரையில் ஈரக் காகிதத் துணுக்குகள் கிடந்தன. அலுத்துவிட்டது, எடுத்துவிட்டேன் என்றார் தோழர். பிறகு கன்னத்தை அழுத்திக்கொண்டே ஒன்று சொன்னார்.

"ஆளு வெச்சு ஒட்டிடாதேடா. உன் கையாலேயே ஒட்டு. அதுல ஒரு சந்தோஷம் இருக்கு."

வேறு யாரும் தொடவே கூடாது, மனைவிகூட வேண்டாம், அப்போதுதான் அது உன் வேலை என்றும் சொன்னார். சகலைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவருடைய திறமையைப் பற்றி இந்த உலகத்தில் அவருக்கு அடுத்தபடியாக நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கும் ஒரே மனிதர் தோழர்தான்.

எரியாத விளக்குகளுக்கு அடியில் வந்தபோது… பின்பாரம் குறைந்தது.

பை விழுந்துவிட்டது என்று நினைத்து நின்றார். திரும்பிப் பார்த்தார். பை அப்படியே தொங்கியது. நடந்தார். மறுபடியும் லேசானது. யாரோ பின் முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவர் நடைக்கு நடை வைத்து, கூடவே வருவது போல… நனைந்த தலைமுடியின் வாடை ஒன்று வந்தது. வேறொருவராக இருந்தால் ஏணியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார். சகலை துணை மேலாளர். தம் சுமையைப் பின்னால் யாராவது தாங்குவது அவருக்குப் புதிதல்ல. வீடு வரை சுகமாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. பசையைக் கரைத்தார். கட்டி கட்டியாக மிதந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். மூலையிலிருந்து ஒட்டாதீர்கள், எந்த வீட்டுச் சுவரும் நேராக இருக்காது, நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கோடு போடுங்கள் என்று மனைவி சொன்னாள். அவள் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். என் கண்ணே ஒரு தூக்குக்குண்டு என்றார் சகலை. முதல் காகிதம் சாய்வாக ஏறியது. ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, எப்படி என்று கேட்டார்.

"குருவியெல்லாம் தலைகீழா தொங்குதுங்க. வௌவால் மாதிரி."

அப்படி இருந்ததுதான். அதை உரிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் அலமாரியை நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கீழ் முனையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டாள். யாரும் தொடக் கூடாது என்று அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு வேலை வழுக்கிக்கொண்டு போயிற்று. மேலே ஒட்டிவிட்டு, பிரஷ்ஷால் நீவிக்கொண்டே இறங்கினால் கீழ் முனை தானாக இடத்தில் போய் அமர்ந்தது. சர்ர்… என்று பிரஷ். கொஞ்சம் தள்ளி இன்னொரு சர்ர்… கதவு சாத்திய அறை, எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி வெட்டுவதற்காகப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கட்டரை எடுத்தார்.

சர்ர்…

காகிதத்துக்குப் பின்னாலிருந்து.

பசை காய்கிற சத்தம் என்று தீர்மானித்தார். கற்றுக்குட்டிகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். ஒரு சுருள் மிச்சமிருந்தது. அதை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

மறுநாள் அறையின் கோடியில், காகிதத்துக்கு அடியில், ஒரு காற்றுக் கொப்புளம். உள்ளங்கை அளவு. புதிதாக ஒட்டுகிறவர்களுக்கு வருவதுதான். உள்ளங்கையால் நீவினார். போகவில்லை, நகர்ந்தது. துரத்தினார். இன்னும் நகர்ந்தது. கட்டில் பக்கமாக. மாலையில் பார்த்தால் தலைமாட்டுக்கு நேராக வந்து நின்றது. ஊசியால் குத்தினார். ஒரு மூச்சு வெளியே வந்தது. வெதுவெதுப்பாக… நனைந்த முடியின் வாடையோடு. அப்போதும் கொப்புளம் அமுங்கவில்லை. அவர் உள்ளங்கையை வைத்து ஓங்கி அழுத்தினார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து விரல்கள் அழுத்தின.

மனைவி ஓடி வந்து பார்த்தாள். சுவரைத் தடவினாள். காதை வைத்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் அவள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அவர் ஹாலில் சோபாவில் படுத்தார். அங்கே வெறும் பெயிண்ட் சுவர். அதற்குப் பின்னாலும் சர்ர்… அலுவலகத்துக்கு ஓடினார். அவர் மேசையின் மைக்கா ஓரத்தில் ஒரு கொப்புளம் எழும்பி, பேனா ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, அவர் கை இருந்த இடத்துக்கு வந்தது. எதிரில் நின்ற எழுத்தர் எதையும் கவனிக்கவில்லை. சகலை வீட்டுக்கு வந்து, அன்றே, நகத்தாலும் கட்டராலும் அந்தக் காகிதம் முழுவதையும் சுரண்டி எடுத்தார். சுவர் மொட்டையாக நின்றது. இந்த மொட்டைச் சுவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. எங்கே என்று ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தது மறுநாள் காலை, கண்ணாடி முன்னால். சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மேடு. ஒற்றை விரலால் அழுத்தினார். தாடைக்கு நகர்ந்தது. அழுத்தினார். காதோரத்துக்குப் போயிற்று. காதுக்குள்… மிக அருகில்… சர்ர்…

அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. இதே கன்னம், இதே தாடை, இதே காதோரம். ஆழ்ந்து சிந்திக்கிறவர்களின் பழக்கம்.

கதவைத் திறந்த தோழரின் முகம் கொழுகொழுவென்றிருந்தது. ரொம்ப நாள் தூக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்துத் தூங்கியவரின் முகம். கைகள் இரண்டும் சும்மா தொங்கின. உள்ளே வா என்று சொல்லவில்லை. அது என்ன என்று தமக்கும் தெரியாது, ஒட்டினவனோடு இருக்கும், அடுத்தவன் ஒட்டினால் அவனிடம் போகும், அவ்வளவுதான் என்றார். வானிலை சொல்வது போல. தமக்கு அதைக் கொடுத்தது அப்பா, கல்யாணப் பரிசாக, என்றும் சொன்னார்.

சகலைக்கு அழுகை வந்தது. சுற்றறிக்கையில் எழுதுகிற வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை.

"உலகத்துல இத்தனை பேர் இருக்க, என்கிட்ட ஏன்டா?"

தோழர் நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வேற யார்கிட்ட குடுக்கறது? என்னை நம்புறவன்தானே நான் சொன்னா தன் கையால ஒட்டுவான். நீ ஒருத்தன்தான்டா இருந்த."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

தண்டவாளத்துச் சாலையில் சகலை திரும்பி நடந்தார். எரியாத விளக்குகளைத் தாண்டும்போது கன்னத்தை அழுத்திக்கொண்டே நடந்தார். தம்மை நம்புகிறவர் யார் என்று கணக்குப் பார்த்தார். அலுவலகத்தில் ஓர் ஆள் தேறவில்லை. உறவில் தேறவில்லை. எனக்கு இந்தக் கதையைச் சொன்ன என் நண்பரே அவர் பேச்சை மழைக்காலத்துத் தீப்பெட்டி அளவுக்குக்கூட நம்பியதில்லை. துணை மேலாளர் பதவியில் இத்தனை காலம் இருந்து சம்பாதித்த நம்பிக்கை பூஜ்யம்.

வீட்டுக்கு வந்தால், சோபா ஓரத்தில் மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். அவர் தூங்காத இரவுகளில் அவளும் தூங்கவில்லை. அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, காதுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொல்கிறாரே என்று உட்கார்ந்திருந்தாள்.

சகலை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த விடுமுறை நாளில் அவரே பசை கரைத்துக் கொடுத்தார். இந்த முறை கட்டியில்லை. அலமாரிக்கு மேலே கிடந்த சுருளை எடுத்துத் தூசி தட்டினார். கட்டில் தலைமாட்டுக்கு மட்டும் இது போதும், சுவர் மொட்டையாக இருந்தால்தான் எனக்குக் கண்டபடி தோன்றுகிறது என்றார்.

"நீதான் சரியா செய்வ. உன் கையாலேயே ஒட்டு. அதுல ஒரு சந்தோஷம் இருக்கு."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஓர் அலமாரியின் இடம்கூட அவள் சொல்படி மாறியதில்லை.

"என்னை நம்பி விடறீங்களா?"

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றார் சகலை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, பென்சிலால் கோடு போட்டு, அழகாக ஒட்டினாள். குருவிகள் நேராக உட்கார்ந்தன. ஓர் இடத்தில்கூடச் சுருக்கமில்லை. சகலை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். ஒரு விரல் நுனி படாமல் பார்த்துக்கொண்டார். சர்ர்… சர்ர்… அவள் பிரஷ் மட்டும்தான் அவருக்குக் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள்தான் நடுவில் ஒருமுறை கையை நிறுத்தி, சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலை. சகலை பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் அவள் ரொம்ப நேரமாக நின்றாள். ஒற்றை விரல் கன்னத்தில் இருந்தது.

"என்னங்க… இங்க ஏதோ நகருது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். நிமிரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

சகலை இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறார்.