தம்பி விட்டுப்போன ஆரஞ்சுச் சட்டை

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். மான் வேட்டை தொடங்கும் நாள் அது. நீங்கள் மில்வாக்கி நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் தம்பி டாரலின் மனைவி ஜெனெல், வசந்தத்தில் ஒருநாள் கழுத்தில் விரல் தடத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கச் சொன்னதே நான்தான். தேவாலயக் கூடத்தில் துப்பாக்கிச் சாவுகளைத் தடுப்பது பற்றி மாதாமாதம் பேசுகிறவன் நான். "ஒரு உயிரைக் காப்பாத்தினாலும் போதும்" என்றுதான் எப்போதும் முடிப்பேன். டாரல் அவளை நெருங்கக்கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். டாரலின் துப்பாக்கிகளை யார் வைத்திருப்பது என்று கேட்டார். என் பெயரைச் சொன்னதும் மறுபேச்சு இல்லை.

வெளியே வந்ததும் ஜெனெல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாரு மாமா. கால்ல விழுவாரு. மனசு இளகிக் குடுத்துடாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

அவன் அழவே இல்லை. வேட்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட மதுக்கடைக்குப் போயிருந்தோம். கடைக்கார வெர்ன் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். "டாரலு, நாளைக்கு என்னத்தத் தூக்கிட்டுப் போகப்போற? உங்கண்ணன்கிட்டக் கேளு, தண்ணித் துப்பாக்கி வாங்கித் தருவாரு."

கடையே சிரித்தது. தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைவிட எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கடைச் சுவரில் எங்கள் அப்பா வேட்டையாடிய மானின் கொம்புக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது.

மறுநாள் விடிவதற்கு முன் டாரல் என் வீட்டுக்கு வந்தான். "மத்தியானமே கொண்டாந்து வச்சிடறேன்ணே." துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தேன். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு தோட்டாதான் கொடுத்தேன். மானுக்கு ஒன்று போதும். அவனுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அவன் வண்டி கிளம்பிய பிறகுதான் கொக்கியைப் பார்த்தேன். காட்டில் ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போடுவோம். அவனுக்கென்று ஒன்றை எடுத்து மாட்டி வைத்திருந்தேன். அது அங்கேயே தொங்கியது. அது இல்லாமல் எங்கள் ஊரில் எவனும் காட்டுக்குள் கால் வைக்கமாட்டான். அவன் காட்டுக்குப் போகவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஜெனெலைக் கூப்பிட்டால் நான் கொடுத்தது வெளியே தெரிந்துவிடும். அப்புறம் தேவாலயத்தில் எந்த முகத்தோடு நின்று பேசுவது? முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு உங்கள் போலீஸ்காரர்கள் வந்து, ஜெனெல் சமையலறையில் சுடப்பட்டுக் கிடக்கிறாள், உயிர் இல்லை என்றார்கள். தெரியும் என்றேன்.

டாரல் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான், இல்லையா? இரண்டாவது தோட்டா இருந்திருந்தால் அவனும் போயிருப்பான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன்.