வெள்ளை படியாத இடம்

விடியற்காலை நாலு மணி. நாய்கூடச் சுருண்டு கிடக்கிற நேரம். ஊர் முடிகிற இடத்தில் ஒரு ரோடு... இரண்டு பக்கமும் பூட்டிய ஷெட்டுகள், குவித்துப் போட்ட டயர்கள், தூரத்தில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அந்த ரோட்டில் ஒரு மனிதர் தனியாக நடந்து போகிறார். கையில் சாவிக்கொத்து. அதன் சத்தம் மட்டும்... சலக், சலக்.

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. அந்தப் போர்வையில் ஓரத்துப் பிள்ளைக்கும் கொஞ்சம் விடுங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது. போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்... சரி.

இது என் சிநேகிதியின் ஓரகத்தி தம்பிக்கு நடந்தது. கார், வேன் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கிறவர். அந்த நேரத்தில் எதற்குப் போகிறார் என்றால், வெயில் ஏறினால் காற்று எழும், காற்று எழுந்தால் தூசி எழும், தூசி வந்து ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தால் அடித்ததெல்லாம் வீண். அதனால் விடியுமுன் அடித்து முடித்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் இரண்டு பேராகப் போவார்கள். அவரும் மனைவியும். அடிப்பது அவர், மற்ற எல்லாம் அவள். தரையில் கறுப்புப் பிளாஸ்டிக் தாளை விரித்துத் துடைப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் தாளில் ஏறுவாள். கதவோரம் நின்று, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பெயிண்ட் எங்காவது வழிகிறதா என்று பார்ப்பாள். வேலை முடிந்ததும் ஸ்பிரே கன் அவள் கைக்குப் போய்விடும். மிச்சப் பெயிண்டைக் கொட்டி, கப்பில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஊற்றி, தெளிவாக வருகிறவரை அடித்துப் பார்ப்பாள். அப்புறம் முன்மூடியைக் கழற்றுவாள், நாசிலைக் கழற்றுவாள், உள்ளே இருக்கிற ஊசியை உருவித் துடைப்பாள். மூடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். அதைக் கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிப் பெயிண்ட் கோணலாகப் போகும்... பல் குத்துகிற குச்சியால்தான் குத்துவாள். ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய். பிறகு ஆணியில் மாட்டுவாள்.

ஒருநாள் அவர் அசதியில் கன்னைக் கழுவாமல் வைத்துவிட்டார். அதற்கு அவள், "உங்க மூஞ்சியைக் கழுவாட்டியும் பரவாயில்ல, கன்னோட மூஞ்சியைக் கழுவாம வைக்காதீங்க. அதுவும் மூச்சு விட வேணாமா?" என்றாள். அப்படிப்பட்ட வாய்.

இன்னொன்றும் உண்டு. அடிக்கத் தொடங்குமுன் மாஸ்க்கை அவள்தான் அவருக்கு மாட்டிவிடுவாள். முன்னால் உருண்டையாக ஒரே ஒரு வடிகட்டி. பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, உள்ளங்கையால் அந்த வடிகட்டியை அழுத்தி மூடுவாள். "இழுங்க" என்பாள். அவர் மூச்சை இழுப்பார். மாஸ்க் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டால் எங்கேயும் இடைவெளி இல்லை என்று அர்த்தம். "ம்... நிக்குது. போங்க." தினமும் இதேதான். அவள் கையில் சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். ஒரு தரம் கம்ப்ரெசர் பெல்ட் இழுத்துவிட்டது அதை.

ஒரு ராத்திரி கன்னைக் கழுவி மாட்டிவிட்டு வந்து படுத்தவள், காலையில் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் அழவில்லை கண்ணுகளா. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு எப்படி இருக்கும்? தொட்டால் தெரியும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. அவருக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் போனதும் ஷெட்டைத் திறந்தார். பாதியில் நின்றிருந்த வெள்ளை வேனை அடித்தார். மாஸ்க் ஆணியில் தொங்கியது. அதை எடுக்கவில்லை. கன்னை அப்படியே தின்னர் டப்பாவில் முக்கிவிட்டுப் போய்விட்டார். முழுசாக முக்கினால் உள்ளே இருக்கிற வாஷர் எல்லாம் ஊறிக் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்.

அடுத்த நாள் கன் துப்பியது. சீராக வர வேண்டிய பெயிண்ட் த்தூ, த்தூ என்று சொட்டுச் சொட்டாகத் தெறித்தது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அடித்து முடித்தால் காற்றில் மிதக்கிற பெயிண்ட் மாவு மாதிரி கீழே இறங்கும். கறுப்புத் தாள் முழுக்க வெள்ளையாகும். அன்றைக்கும் ஆனது. கதவோரம் மட்டும்... இரண்டு இடத்தில் கறுப்பு அப்படியே இருந்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

இரண்டு பாதம். சின்னது. வெறுங்கால், விரலெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. யாரோ மிதித்துவிட்டுப் போன அடையாளம் இல்லை அது. மிதித்திருந்தால் வெள்ளை கலைந்திருக்கும். அங்கே வெள்ளை விழவே இல்லை. அவர் அடிக்கிற நேரம் முழுக்க அங்கே யாரோ அசையாமல் நின்றிருக்கிறார்கள்... அவர்களுடைய கால் இருந்த இடத்தில் பெயிண்ட் படியவில்லை.

அவருக்குப் பயம் வரவில்லை. குனிந்து அந்த இடத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். தின்னர் நாற்றத்துக்கு நடுவில் லேசாகச் சோப்புத்தூள் வாசனை. அவள் கை கழுவுகிற அதே சோப்புத்தூள்.

தாளைத் துடைத்து மறுபடி விரித்தார். மறுநாளும் அடித்தார். பாதம் கதவோரத்தில் இல்லை... ஓரடி உள்ளே வந்திருந்தது.

அப்புறம் வண்டி வந்தாலும் அடித்தார், வராவிட்டாலும் அடித்தார். பழைய கதவு ஒன்றைச் சாய்த்து வைத்து, அதையே திரும்பத் திரும்ப. பக்கத்து ஷெட் மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு கோட் அடிச்சீங்கன்னா கதவு சுவராயிடும்ணே" என்றார். இவர் அடுத்த பூச்சுக்குக் கப்பை நிரப்பினார். அந்த மெக்கானிக்தான் இவருடைய மகளுக்குப் போன் போட்டவர்.

மகள் வந்து பார்த்தாள். அப்பாவின் புருவம், இமை, மூக்கு முடியெல்லாம் வெள்ளை. இருமினால் துப்பலும் வெள்ளை. டாக்டரிடம் கூட்டிப் போனாள். மாஸ்க் இல்லாமல் இதே மாதிரி அடித்தால் நுரையீரல் தாங்காது, ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஷெட்டைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி மகள் கெஞ்சினாள். அவர் பார்க்கலாம் என்றார்.

"அப்பா, மாஸ்க்காவது போடுங்கப்பா. அம்மா இருந்திருந்தா விடுவாங்களா?"

"மாஸ்க் போட்டா வாசனை தெரியலம்மா."

என்ன வாசனை என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை. அவருக்கு ஒரே எண்ணம்தான். அவள் வந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து சேர்கிறவரை அடிக்க வேண்டும். அதற்கப்புறம் மூச்சு இருந்தால் என்ன, நின்றால் என்ன.

பாதம் ஷெட்டின் நடுவுக்கு வந்தது. கம்ப்ரெசர் பக்கம் வந்தது. ஒருநாள் அவருடைய முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரல்கள் எல்லாம் அவரைப் பார்த்து.

அதற்கு அடுத்த விடியற்காலை...

கதவை உள்ளே தாழ் போட்டார். ஜன்னல் சந்தில் துணியை அடைத்தார். கப் நிறைய வெள்ளை ஊற்றினார். கம்ப்ரெசர் கடகடவென்று ஓடியது. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... ஷெட்டு முழுக்க வெள்ளைப் புகை. விளக்கே மங்கலான வட்டமாகிவிட்டது. நெஞ்சு எரிந்தது. தூரத்தில் வேறு யாருக்கோ எரிகிற மாதிரி இருந்தது. நகராமல் ஒரே இடத்தில் நின்று அடித்தார். காற்று நிறைந்ததும் கம்ப்ரெசர் தானாக டக்கென்று நின்றது.

அமைதி.

சோப்புத்தூள் வாசனை வந்தது. லேசாக இல்லை... முகத்துக்கு நேராக வந்தது.

ஏதோ குளிர்ச்சியாக அவர் வாயையும் மூக்கையும் மூடியது. இறுக்கமாக. பின்னால் நகரப் பார்த்தார், முடியவில்லை. மூச்சுக்குத் தவித்தார். அத்தனை நாள் மரத்துக் கிடந்த உடம்பு அப்போதுதான் தவித்தது.

"இழுங்க."

விடிந்ததும் கம்ப்ரெசர் சத்தமில்லாததைக் கவனித்து, மெக்கானிக் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தார். மகளும் ஓடி வந்துவிட்டாள். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை சிலை மாதிரி வெள்ளை. மூச்சு வந்தது... சீராக, தூங்குகிற பிள்ளை மாதிரி.

தாளின் நடுவில் இரண்டு ஜோடிப் பாதம் கறுப்பாக இருந்தது. பெரியது ஒன்று, அதற்கு எதிரே சின்னது ஒன்று. விரலோடு விரல் முட்டிக்கொண்டு.

கன் தின்னர் டப்பாவில் இல்லை. ஆணியில் தொங்கியது. மெக்கானிக் எடுத்துப் பார்த்தார். கப் காய்ந்து பளபளத்தது. முன்மூடி ஓட்டை ஒவ்வொன்றும் சுத்தம். விசையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது, ஊசியில் புது எண்ணெய். பக்கத்தில் பல் குத்துகிற குச்சி ஒன்று, நுனியில் வெள்ளையோடு.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பழைய படத்தையும் பார்த்தார், படம் மாறிவிட்டதோ என்று மறுபடி எடுக்கச் சொன்னார். நுரையீரலில் ஒரு பொட்டு பெயிண்ட் இல்லை.

முகத்து வெள்ளையை மகள் எண்ணெய் தொட்டுத் தொட்டு எடுத்தாள். வாயைச் சுற்றி மட்டும் எடுக்க எதுவும் இருக்கவில்லை. அங்கே பெயிண்ட் படவே இல்லை. அது என்ன வடிவம் என்று பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். அழுதாரா என்றால், இன்றுவரை இல்லை. என் சிநேகிதி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்... அவள் சொன்னதுதான் இது.

தாடி விட்டிருக்கிறார். காதோரத்திலிருந்து கழுத்துவரை பஞ்சு மாதிரி அடர்ந்து வளர்கிறது. வாயைச் சுற்றி மட்டும் ஒரு முடிகூட முளைப்பதில்லையாம். ஒரு சின்னக் கை அளவுக்கு வழவழவென்று வெறும் தோல். ஒரு கன்னத்தில் கட்டைவிரல், மறு கன்னத்தில் நாலு விரல்... தாடையோரம் இருக்கிற அந்தக் கடைசி விரல் மட்டும், கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்து.