காலையிலயா, ராத்திரியா?

சேரன்மகாதேவி பேருந்தில், முன் இருக்கையில், தலையில் கட்டுப் போட்டிருந்தவர் நண்பரிடம் சொன்னார்: "டாக்டர்ட்ட பொய் சொல்லிட்டேன் வே."

"என்ன பொய்?"

"எம் பொண்ணப் பாக்க வந்தவங்களக் கூப்பிடப் போனவன், வாசல் நிலையில மண்டைய இடிச்சுட்டேன். ரத்தம் நிக்கல. மாப்பிள்ளையோட அப்பாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. 'ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதீங்களா?'ன்னு டாக்டர் கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

"கிறுக்கா வே உமக்கு? சொன்னாத்தான ரத்தம் நிக்க மாத்து ஊசி போடுவாவ!"

"சம்பந்தி பக்கத்துல நிக்காரே! நெஞ்சு வியாதின்னு தெரிஞ்சா பொண்ணு எடுப்பாரா?"

"பொறவு?"

"சம்பந்தியே குனிஞ்சு காதுல கேட்டாரு, 'அண்ணாச்சி, மாத்திரை காலையிலயா, ராத்திரியா?' ராத்திரின்னு வாயில வந்துட்டு. உடனே டாக்டரக் கூப்பிட்டு ஊசி போட வச்சாரு."

"கல்யாணம் நின்னு போச்சா?"

"இல்ல வே. 'உங்க வீட்ல சொல்லிராதிய அண்ணாச்சி, நானும் ராத்திரிதான் போடுதேன்'னாரு."