சாட்சிக் கூண்டில் மறுக்கப்பட்ட தங்கை

ஆற அமரக் கேட்டு அளந்து பேசும் அவைத்தலைவர் அவர்களே! சட்டத்தைக் கரைத்துக் குடித்தும் கண்ணீரின் சுவையை மறக்காத மூத்த வழக்கறிஞர்களே! வீட்டு வேலையைப் பாதியில் விட்டு, வேதனையை முழுதாய்ச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் ஒதுங்கி நிற்கும் தோழியரே! உள்ளே வாருங்கள் அம்மா, முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. இன்றைய பேச்சைக் கேட்டுத் தலைகுனிய வேண்டியவர்கள் நீங்கள் அல்லர். எல்லோருக்கும் என் வணக்கம்.

பாலியல் தொழிலைத் தடை செய்வதா, அனுமதிப்பதா என்று பேசக் கூடியிருக்கிறோம். இந்தப் பேச்சு இன்று தொடங்கியதா? இல்லை. பழங்கால அரசுகள் பல, இந்தத் தொழிலில் இருந்தவளிடம் வரி வாங்கின; வாங்கிய கையோடு அவளை இழிந்தவள் என்றன. பின்னர் பேரரசுகள் வந்தன. படைவீரனுக்கு நோய் தொற்றிவிடக் கூடாதே என்று பெண்ணைப் பதிவு செய்தன, பிடித்துவந்து பரிசோதித்தன, பூட்டிய மருத்துவமனைக்குள் போட்டு அடைத்தன. வீரனை அப்படிப் பிடித்துவந்து பரிசோதித்தார்களா?

இரண்டாம் வரிசையில் ஓர் அம்மா மறுத்துத் தலையை ஆட்டுகிறார். ஆமாம் தாயே, இல்லை! அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களும் பெண்களே. இன்றைக்கோ ஒரு நாடு விற்பவளைத் தண்டிக்கிறது. ஒரு நாடு வாங்குபவனைத் தண்டிக்கிறது. இன்னொரு நாடு இதையும் தொழில் என்று ஏற்று உரிமம் தருகிறது. வாதங்கள் வளர்ந்தன, வழக்குகள் வளர்ந்தன. வதைபட்டவளை வாய் திறக்க விட்டார்களா?

தலைவர் மணியின் மேல் கை வைக்கிறார். அடித்துவிடாதீர்கள் ஐயா, நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை!

நான் வாதாடிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதற்குரியவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அவளை அவள் தொழில் செய்த தெருவில் 'வாயாடி' என்றே கூப்பிடுவார்கள். தையல் ஆலையில் வேலை என்று சொல்லி அழைத்துவந்த தரகன் ஒருவன் அவளை அந்தத் தெருவிலிருந்த ஒரு விடுதியில் விற்றுவிட்டுப் போனான். அழுது பார்த்தாள், ஓடிப் பார்த்தாள், அடிபட்டாள். ஆண்டுகள் கழிந்து அந்த விடுதி மூடப்பட்டபோது ஊருக்குத் திரும்பினாள். ஊர் கதவைச் சாத்தியது. அம்மா இறந்திருந்தாள். மிச்சமிருந்தது அம்மாவின் இரண்டாவது கல்யாணத்தில் பிறந்த தங்கை ஒருத்திதான். அந்தச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு அதே தெருவுக்கு, அதே தொழிலுக்கு வந்தாள். மாடியில் ஓர் அறை, நடுவே ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் தங்கையின் செவிலியர் பாடப் புத்தகங்கள். "நீ ஊசி போடக் கத்துக்கடி. முதல் ஊசியை இந்தத் தெருவுக்கு வர்ற ஆம்பளைங்களுக்குப் போடு, மழுங்கின ஊசியா பாத்துப் போடு!" என்பாள். தெருவே சிரிக்கும்.

ஒரு மத்தியானம் காவல்துறை வந்தது. அக்காவை 'மீட்டார்கள்'. தங்கையைக் கைது செய்தார்கள். ஏன்? அத்தகையவளின் வருமானத்தில் வாழ்வது குற்றம் என்கிறது சட்டம். தரகனைத் தண்டிக்கச் செய்த சட்டம் அது, தாய்மார்களே! தரகன் சிக்கவில்லை; பாடம் படித்துக்கொண்டிருந்த பெண் சிக்கினாள். தண்டனை வந்தால் படிப்பும் போகும், வேலையும் போகும். அப்புறம் அவளுக்கு எந்த அறை மிஞ்சும்? சேலைத் திரைக்கு இந்தப் பக்கம்தான் மிஞ்சும்!

'அக்கா ஒருத்தி தங்கையைக் காப்பாற்றினாள், இதில் குற்றம் ஏது?' என்று தங்கைக்காக வாதாடத்தான் நான் தயாராகிப் போனேன். வாயாடி கூண்டில் ஏறினாள். அரசு வழக்கறிஞர் கேட்டார்: "இந்தப் பொண்ணு உன் தங்கச்சிதானே?"

அவள் தங்கையைப் பார்த்தாள்.

"யாரு, இவளா? இவ யாரோ, நான் யாரோ. வாடகைக்கு இருந்தாய்யா. மாசாமாசம் வாடகை குடுத்துடுவா. எனக்குத் தங்கச்சியெல்லாம் கிடையாது."

நானே திகைத்து நின்றேன். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். தகப்பன் பெயர் வேறு, முகச்சாயல் வேறு. மறுக்க ஆதாரம் இல்லை. உறவும் இல்லை, அவள் காசில் வாழவும் இல்லை என்று தங்கை விடுதலையானாள். அக்காவைப் பாதுகாப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பு என்று பெயர், பூட்டு வெளியில்! காற்றில்லாத அறையில் அவளுக்கு இருமல் பிடித்தது.

அங்கே இரத்த உறவுக்கு மட்டுமே பார்வையாளர் அனுமதி. இரத்த உறவு எங்கே இருக்கிறது? அதைத்தான் கூண்டில் ஏறிக் கொன்றுவிட்டாளே! தங்கை எதிர்ச் சாரியில் வந்து நிற்பாள். துணி உலர்த்த மொட்டைமாடிக்கு வரும் அக்கா, பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோலத் தெருவுக்கே கேட்கக் கத்துவாள். "ஏய், எனக்கு இருமல் கொறஞ்சிடுச்சுடி! நல்லா சாப்புடுறேன்டி! பரீட்சைக்குப் படிக்கிறவளுங்க வெயில்ல நின்னா மண்டை காஞ்சு போயிடும், போகச் சொல்லுடி!"

இருமல் குறையவில்லை. ஒருநாள் துணி உலர்த்த வேறொருத்தி வந்தாள். சத்தமே இல்லாமல் உலர்த்திவிட்டுப் போனாள்.

பின்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார், "இதையெல்லாம் விட்டுவிட்டால் ஒழுக்கம் என்னாவது?" என்று. நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன், இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.

அக்கா இறந்த சேதி கேட்டு மருத்துவமனைப் பிணவறைக்குத் தங்கை ஓடினாள். நானும் போனேன். அதிகாரி கெட்டவர் அல்லர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "உறவு யாரும் இல்லைன்னு கோர்ட்டுலயே சொல்லியிருக்காங்களேம்மா" என்றார்.

"எங்க அக்கா பொய் சொன்னா சார். எனக்காகச் சொன்னா. வேணும்னா என்னை உள்ள போடுங்க. அவளை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க."

கொடுக்கவில்லை. கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆதரவற்றோர் வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக்குப் பின்னால் தங்கை நடந்தாள். புதைகுழியருகே மண்வெட்டியோடு நின்ற ஊழியர், "நீ யாரும்மா?" என்றார். "தங்கச்சி" என்றாள். "அப்போ மொதல்ல நீ போடும்மா" என்று விலகி நின்றார். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அத்தனைக்கும் சேர்த்து, "அக்கா!" என்று அலறினாள்.

ஐயா, இப்போது நான் கேட்கிறேன். எது ஒழுக்கம்? விற்றவனை விட்டுவிட்டு உடன்பிறந்தவளைப் பிடித்தது ஒழுக்கமா? காப்பாற்றுகிறேன் என்று கூட்டிப்போய்க் காற்றில்லாத அறையில் பூட்டியது ஒழுக்கமா? தடை வேண்டும் என்போரும் இங்கே இருக்கிறீர்கள், உரிமை வேண்டும் என்போரும் இருக்கிறீர்கள். இரு தரப்பிலும் நெஞ்சில் ஈரமுள்ளவர்களை நான் அறிவேன். உங்கள் வாதம் நடக்கட்டும். ஆனால் எந்தச் சட்டம் எழுதினாலும் ஏமாற்றியவனுக்கு எழுதுங்கள், விற்றவனுக்கு எழுதுங்கள், அடித்தவனுக்கு எழுதுங்கள்! அவள் சோற்றில் பங்குண்ட பிள்ளைக்கும் தாய்க்கும் தங்கைக்கும் எதிராக ஒரு வரியும் எழுதாதீர்கள்! இன்னொரு பெண் கூண்டில் ஏறி, பெற்றவளையோ உடன்பிறந்தவளையோ 'யாரோ' என்று சொல்லும்படி வைக்காதீர்கள்!

குறுக்கிடாமல் கேட்ட தலைவருக்கும், குறுக்கே கேட்ட ஐயாவுக்கும், கண் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், இப்போது முன்வரிசையில் வந்து அமர்ந்துவிட்ட தோழியருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.