வாயடைக்கப்பட்டோர் பட்டியலைக் காத்த வஸீலா கம்மூன் அம்மையாருக்கு

பேச்சுக்கும் மௌனத்துக்கும் நடுவே காவல் நின்ற பெருமாட்டியே! லட்சம் பேர் அரட்டையடிக்கும் செயலியின் பின்கட்டில், எவர் கண்ணிலும் படாமல் ஒன்பது ஆண்டு உழைத்து இன்று ஓய்வு பெறும் அம்மையீர்! ஸ்ஃபாக்ஸ் நகரக் காய்கறிச் சந்தைத் தள்ளுவண்டிக்காரர்களின் வணக்கம்.

வசவு பொழிவோரையும் வம்பு வளர்ப்போரையும் மியூட் செய்யும் பட்டியல் தங்கள் பொறுப்பில் இருந்தது. அதில் பெயர் விழுந்தவனுக்கே அது தெரியாது. அவன் எழுதுவது அவன் போனில் மட்டும் நிற்கும், ஊர் பார்க்காது. அப்படித்தான் ஒருநாள் எங்கள் மொன்ஸெஃபின் பெயர் விழுந்தது. சந்தைக் குழுவில் எழுதித்தான் அவன் வேலை பிடிப்பான். பதினோரு நாள் ஒருவரும் கூப்பிடவில்லை.

"என்னடா மொன்ஸெஃப், மாமியார் வீட்டு விருந்து இன்னும் முடியலையா? குரூப்புல ஆளையே காணோம்!" என்றான் பக்கத்து வண்டிக்காரன் தைய்யிப்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? காலையிலருந்து எட்டுத் தடவ போட்டிருக்கேன், பாரு!"

இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இவனுடையதில் எட்டு வரி. தைய்யிப் போனில் ஒன்றுமில்லை. மிளகாய்த் தூசி படிந்த சட்டையோடு மொன்ஸெஃப் தங்கள் அலுவலகப் படியேறினான். வாசற்காவலர் விரட்டப் பார்க்க, தாங்களோ நாற்காலி போட்டீர்கள்.

"அண்ணே, ஒரே வரிய நாளுக்கு இருபது தடவ அனுப்பியிருக்கீங்க. ஏதோ விளம்பரக்காரன்னு மெஷின் வாயக் கட்டிருச்சு. கொஞ்சம் மாத்தி எழுதினா என்ன?"

"எனக்கு எழுதத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான், அம்மா. 'நாலாம் வாசல்ல நிக்கிறேன், வண்டி காலி.' எம் பொண்ணு சொல்லிக்கொடுத்தா."

தாங்கள் சிரிக்கவில்லை. அவன் ஒருவனை விடுவித்து அனுப்பியிருந்தாலே நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். ஆனால் பட்டியலில் கிடந்த மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராய்ப் படித்தீர்களாமே! ஏழு வாரமாமே! அவனைப் போல அறியாமல் அகப்பட்ட நாற்பத்தொரு பேரை மீட்டீர்களாமே! இன்று மியூட் ஆகிறவனுக்குத் தகவல் போகிறது. தண்டனைக்கு முடிவு நாள் இருக்கிறது. முறையிட்டால் ஒரு மனிதர் படிக்கிறார். தங்களோடு வேலை செய்பவர்கள் சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. நாளெல்லாம் மூட்டை எண்ணும் எங்களுக்கு அந்தப் பொறுமையை எண்ணக் கணக்குத் தெரியவில்லை.

கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் காணாமல், பேரப்பிள்ளைகளின் கூச்சலை எந்தத் தடையுமின்றிக் கேட்டு நூறாண்டு வாழ்க!

இம்மடலை எழுதியவன் அந்த மொன்ஸெஃப்தான். மூன்று ஆண்டு மாலைப் பள்ளி போனான். பிழை இருந்தால் பொறுத்தருள்க. சரிபார்த்துவிட்டான்: ஒரு வரிகூட இரண்டாம் முறை வரவில்லை.

இங்ஙனம்,
நாலாம் வாசல் தள்ளுவண்டிக்காரர்கள்,
ஸ்ஃபாக்ஸ்